பதிவெண் 0472: ஒரு சோதனைக் கோப்புக்கு விளக்கவுரை

எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ கொழுந்து மடுவத்துக்கு வரும் சாக்கு முன்பு தொங்கு தராசில் ஏறும். கணக்கப்பிள்ளை நிறையைச் சொல்வார், செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் எழுதுவார். கொழுந்து கொடுத்தவள் கேட்டுக்கொண்டு நிற்பாள். இப்போது பல தோட்டங்களில் மின்தராசு வந்துவிட்டது. நிறை ஒரு கையடக்கக் கருவிக்குப் போகிறது, அங்கிருந்து இணையம் வழியே தூரத்துச் சேர்வருக்குப் போகிறது. மாதக் கடைசியில் அந்தச் சேர்வர் சொல்லும் எண்தான் சம்பளம்.

இப்படிக் கருவிக்கும் சேர்வருக்கும் இடையே நடக்கும் பேச்சுக்கான வாசலை ஏபிஐ என்கிறார்கள். பேச்சின் வடிவம் பெரும்பாலும் ஜேசன். பெயர் ஒன்று, அதற்கு மதிப்பு ஒன்று என்று சோடி சோடியாக எழுதும் எளிய உரை அது. டக்ளஸ் குரொக்ஃபோர்ட் 2000களின் தொடக்கத்தில் அதைப் பரப்பினார். 2013இல் எக்மா-404 என்ற நியமமாயிற்று, 2017இல் ஆர்எஃப்சி 8259 அதை இன்னும் இறுக்கமாக வரையறுத்தது. தானியங்கிச் சோதனை என்பது அந்த வாசலுக்கு ஒரு கோரிக்கையை அனுப்பி, வரும் பதிலை முன்கூட்டியே எழுதிவைத்த பதிலோடு ஒப்பிடும் நிரல். மென்பொருளில் யார் எதைத் திருத்தினாலும் அது மறுபடி ஓடும்.

அந்தச் சோதனையைத் தமிழிலேயே எழுதலாம். 2008இல் அஸ்லாக் ஹெல்லசோய் தொடங்கிய கியூக்கம்பர் என்ற கருவி கெர்கின் என்னும் எழுத்து முறையை வாசிக்கிறது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. கோப்பின் முதல் வரியில் மொழியைக் குறித்துவிட்டால் அம்சம், பின்னணி, காட்சி என்பன அதற்குத் தெரிந்த தலைச்சொற்கள். வரிகளை வெறும் நட்சத்திரக் குறியோடும் தொடங்கலாம் என்பதால் தமிழ் வாக்கியம் முறுக்கப்படாமல் நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு நிரல்துண்டு இருந்து வேலை செய்யும். அதை ஜாவாவிலோ பைத்தனிலோ எழுதலாம். ஜேசனைத் தனக்குள்ளேயே ஒரு வகையாகக் கொண்ட, சோதனைச் சட்டகத்தோடு வரும் பாலரினா மொழியும் இருக்கிறது. அது 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற இலங்கை நிறுவனத்தில் பிறந்தது.

கீழே உரை சொல்ல எடுத்துக்கொண்ட மூலம் ஒரு மாதிரி. எந்தத் தோட்டத்தின் கணினியிலிருந்தும் எடுத்ததன்று, இந்த உரைக்காகவே எழுதியது. தோட்டத்துச் சொற்களில் அதை எழுதியதற்குக் காரணம் உண்டு. சம்பளக் கணக்கின் விதிகள் நிரலுக்குள் புதைந்திருக்கும்போது கொழுந்து எடுப்பவளால் அவற்றைப் பார்க்க முடியாது. சோதனைக் கோப்பில் அவை வெளியே வருகின்றன. அவளோ அவளுடைய பிள்ளையோ தொழிற்சங்கத் தலைவரோ வாசித்து “இந்த வரி பிழை” என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான்.

மூலம்:

# language: ta
அம்சம்: கொழுந்து நிறை நாட்சம்பளமாக மாறுவது
பின்னணி:
* ஒரு பேருக்கு உரிய நிறை 18000 கிராம்
* நாட்சம்பளம், சம்பள அட்டவணையில் அந்தத் திகதிக்கு உள்ளபடி
* பதிவெண் "0472" உடைய தொழிலாளி செக்ரோலில் இருக்கிறார்

பின்னணி என்பதன் கீழ் வருவன ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் நிறுவப்படும். ஒரு காட்சி விட்டுச்சென்ற நிறை அடுத்த காட்சியின் கணக்கில் கலக்கக்கூடாது என்பதற்காகச் சேர்வரின் சோதனைத் தரவை ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு இந்த மூன்று வரியிலிருந்து தொடங்குகிறோம்.

“ஒரு பேருக்கு உரிய நிறை” என்றது, முழுநாள் வேலை செய்ததாகச் செக்ரோலில் விழுவதற்குத் தோட்டம் கேட்கும் கொழுந்தின் அளவை. 18 கிலோ என்பது இங்கே மாதிரிக்கு. தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் அது மாறும். மழைக்குப் பின் கொழுந்து தள்ளும் மாதமும் காய்ச்சல் மாதமும் ஒன்றல்ல. ஆகவே அது நிரலுக்குள் இருக்கக்கூடாது, பின்னணியில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

“அந்தத் திகதிக்கு உள்ளபடி” என்ற தொடர்தான் இந்தப் பகுதியின் உயிர். 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆயிற்று. 2024 மே தினத்தில் 1,700 என்று அறிவித்தார்கள், விவகாரம் நீதிமன்றம் போனது, அந்த ஆண்டு செப்டம்பரில் 1,350 என்று நின்றது. இனியும் மாறும். சோதனை எழுதுபவர் 1,350 என்ற எண்ணை முப்பது இடத்தில் எழுதிவைத்தால் அடுத்த வர்த்தமானி வந்த அன்று முப்பது சோதனையும் சிவப்பாகும். அவசரத்தில் ஒருவர் சேர்வர் என்ன பதில் சொல்கிறதோ அதையே எதிர்பார்ப்பாக ஒட்டிவிடுவார். சோதனைகளுக்கு நேரக்கூடிய கேடுகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகு சோதனை பிழையையே காவல் காக்கும். சம்பளம் தொடக்கத் திகதியோடு ஓர் அட்டவணையில் இருக்க வேண்டும். மார்ச் மாத நிறைக்கு மார்ச் விலை, உயர்வு வந்த மாதத்துக்கு உயர்ந்த விலை. நிலுவை கொடுக்கும்போது பழைய மாதங்களை மறுபடி கணக்கிட வேண்டிவரும், அப்போது இது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

பதிவெண்ணைச் சுற்றி மேற்கோள் குறி இட்டது ஏன் எனின், ஜேசனில் எண் பூச்சியத்தில் தொடங்க முடியாது. 0472 என்பதை எண்ணாக எழுதினால் அது பிழையான ஜேசன். இளகிய மனமுள்ள சில நிரல்கள் அதை 472 என்று வாங்கிக்கொள்ளும். செக்ரோலில் 0472 வேறு ஆள், வேறு பிரிவின் 472 வேறு ஆள் என்றால் ஒருத்தியின் கொழுந்து இன்னொருத்தியின் பேரில் விழும். கூட்டவோ பெருக்கவோ போகாத எதையும் எழுத்தாகவே அனுப்ப வேண்டும்.

மூலம்:

காட்சி: மூன்று நிறையும் சேர்ந்து ஒரு பேர்
* 2025-03-04 காலை நிறை 6100 கிராம்
* பகல் நிறை 5800 கிராம்
* அந்தி நிறை 6100 கிராம்
* அன்றைய கணக்கைக் கேட்கிறோம்
* பதிலின் நிலை 200
* பதில் இது:
"""
{
"பதிவெண்": "0472",
"திகதி": "2025-03-04",
"நிறை_கிராம்": 18000,
"பேர்": "முழு",
"நாட்சம்பளம்_சதம்": 135000,
"சேமலாபம்_தொழிலாளி_சதம்": 10800,
"சேமலாபம்_தோட்டம்_சதம்": 16200,
"நம்பிக்கை_நிதி_சதம்": 4050
}
"""

ஜேசனின் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. யூனிகோடின் எந்த எழுத்தும் வரலாம். நடைமுறையில் பெரும்பாலோர் ஆங்கிலம் இடுவார்கள், அது அவர்கள் வழக்கம்.

“நிலை 200” என்றது, கோரிக்கை சரியாக நிறைவேறியது என்று இணைய நெறிமுறை தரும் குறி. பலர் இத்தோடு சோதனையை முடித்துவிடுகிறார்கள். 200 என்று சொல்லிவிட்டு உள்ளே வெறும் அடைப்புக்குறியையோ பிழைச் செய்தியையோ அனுப்பும் சேர்வர்கள் நிறைய. அதனால்தான் அடுத்த வரி முழுப் பதிலையும் கேட்கிறது.

கிராமும் சதமும் ஏன்? 18 கிலோ, 1,350 ரூபாய் என்று எழுதியிருக்கலாமே என்றால், இதற்கு விடை கொஞ்சம் நீளமானது. கணினிகள் பின்ன எண்களை இரட்டை அடிமானத்தில் வைக்கின்றன. 0.1 என்பது இரட்டை அடிமானத்தில் முடிவில்லாமல் நீளும் எண், எங்கோ ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். அப்படி வெட்டியதால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1 வருவதில்லை, 0.9999999999999999 வருகிறது. பெரும்பாலான மொழிகளில் இன்றும் இதுதான் நிலை. இதை மடுவத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கிலோவும் பத்தில் ஒன்றுமாக மூன்று நிறையைக் கூட்டி, “18 அல்லது அதற்கு மேலா” என்று நிரல் கேட்கிறது. தராசில் சரியாக 18 கிலோ போட்டவளுக்கு நிரலுக்குள் ஒரு தூசியின் தூசி குறைந்தால் விடை “இல்லை”. செக்ரோலில் அரைப்பேர் விழும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் அவளுக்கு 675 ரூபாய் போனது. முழு எண்களான கிராமிலும் சதத்திலும் கணக்கு வைத்தால் இந்த வழி அடைபடும். திரையில் காட்டும்போது மட்டும் கிலோவாகவும் ரூபாயாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

பதிலின் கடைசி மூன்று வரிகளும் சட்டத்திலிருந்து வருவன. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, தோட்டத்திடமிருந்து 12. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3. மாதக் கணக்கில் பிடிப்பதே வழக்கம் என்றாலும், ஒரு நாளுக்குப் பிரித்துக் காட்டினால் பிழை எந்த நாளில் புகுந்தது என்று கண்டுபிடிக்க முடியும். 1,350 முழுவதும் நிதிக்குக் கணக்கிடும் சம்பளம் என்று மூலம் எடுத்துக்கொள்கிறது. 3 சதவீதம் 40 ரூபாய் 50 சதம். அந்த ஐம்பது சதம் நாள்தோறும் எங்காவது வெட்டுப்பட்டால் ஆயிரம் பேர் வேலை செய்யும் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 500 ரூபாய். அது ஓய்வு பெறும் நாளில்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூலம்:

காட்சி: ஒரு கிராம் இப்பக்கம், ஒரு கிராம் அப்பக்கம்
* நிறை 17999 எனில் பேர் "அரை", நாட்சம்பளம்_சதம் 67500
* நிறை 18000 எனில் பேர் "முழு"
* நிறை 18001 எனில் பேர் "முழு"
* நிறை 0 எனில் பதிலின் நிலை 422
* நிறை -6100 எனில் பதிலின் நிலை 422

எல்லையில் நின்று கேட்பது சோதனையின் பழைய பாடம். “மேல்” என்று எழுத வேண்டிய இடத்தில் “மேல் அல்லது சமம்” என்றோ, தலைகீழாகவோ எழுதிவிடுவது நிரலாளர் கையில் அடிக்கடி நடப்பது. 10 கிலோவையும் 25 கிலோவையும் அனுப்பிச் சோதித்தால் அது ஒருநாளும் அகப்படாது. 422 என்றது, “வடிவம் சரி, ஆனால் இந்தச் செய்தியை ஏற்க முடியாது” என்னும் குறி.

முதல் வரியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நிறை குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்டங்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். அதை எதிர்த்து எழுந்த குரலும் அதே அளவு பழையது. காலையிலிருந்து மலையில் நின்றவளுக்கு முழுநாள் சம்பளம் உண்டா என்பதைச் சோதனைக் கோப்பு தீர்க்காது. ஆனால் அந்த வழக்கம் இந்த மென்பொருளில் இருக்கிறதா, எந்த எண்ணில் இருக்கிறது, யார் சொல்லி வந்தது என்பதை அது மறைக்க முடியாமல் செய்கிறது. பேச்சுவார்த்தை மேசையில் வைக்க இதைவிடத் தெளிவான தாள் கிடைக்காது. விதி மாறினால் முதலில் இந்த வரி மாறும், அதன் பிறகு நிரல்.

மூலம்:

காட்சி: கழிவு தனியே தெரிய வேண்டும்
* மொத்த நிறை 6600 கிராம், கழிவு 500 கிராம்
* பதிலில் "மொத்த_நிறை", "கழிவு", "நிகர_நிறை", "கழிவுக்_காரணம்" நான்கும் உண்டு
* "மொத்த_நிறை" இலிருந்து "கழிவு" போக "நிகர_நிறை"

சாக்குக்கு, தண்ணிக்கு என்று ஒவ்வொரு நிறையிலும் கழிப்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த மனக்குறை. சேர்வர் நிகர நிறையை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தக் கழிவு நடந்ததற்கே சாட்சி இல்லை. இந்தக் காட்சியின் இரண்டாம் வரியை நிறைவேற்ற ஜேசன் ஸ்கீமா என்ற முறை உதவும். பதிலில் எந்தப் பெயர்கள் கட்டாயம், ஒவ்வொன்றும் எண்ணா எழுத்தா, எந்த எல்லைக்குள் என்று ஒரு வரைவு எழுதிவைத்தால் ஒவ்வொரு பதிலையும் அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். ஒரு பதிப்பில் இருந்த “கழிவு” அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் மறைந்துபோனால் ஸ்கீமா அன்றைக்கே பிடித்துவிடும். மூன்றாம் வரியை ஸ்கீமாவால் சொல்ல முடியாது. அது கணக்கு, நிரல்தான் கேட்க வேண்டும்.

மூலம்:

காட்சி: தொடர்பு அறுந்து அதே நிறை மறுபடி வருவது
* "தராசு3-000218" என்ற குறியோடு 6100 கிராம் அனுப்பினால் நிலை 201
* அதே குறியோடு அதே 6100 மறுபடி வந்தால் நிலை 200
* அன்றைய நிறை 6100 மட்டுமே
* அதே குறியோடு 7100 வந்தால் நிலை 409

இரத்தினபுரிப் பக்கத்து மழையைச் சொல்லத் தேவையில்லை. மலை மடிப்புகளுக்குள் கைப்பேசித் தொடர்பு வரும், போகும். கருவி நிறையை அனுப்புகிறது, சேர்வர் எழுதிக்கொள்கிறது, “எழுதிவிட்டேன்” என்ற பதில் திரும்பி வரும் வழியில் தொலைகிறது. கருவிக்கு நிறை போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது, மறுபடி அனுப்பும். அனுப்பத்தான் வேண்டும். ஒவ்வொரு நிறைக்கும் கருவியே ஒரு தனிக்குறி இட்டு அனுப்பினால், சேர்வர் அதே குறியை இரண்டாம் முறை காணும்போது புதிதாக எழுதாமல், முன்பு எழுதியதையே காட்டும். 201 என்றால் புதிதாக எழுதப்பட்டது, 200 என்றால் ஏற்கெனவே இருக்கிறது. நான்காம் வரியில் குறி ஒன்று, நிறை வேறு. அங்கே சேர்வர் தானாக எதையும் தெரிவு செய்யக்கூடாது, 409 என்று முரணைச் சொல்லி மனிதரிடம் விட வேண்டும்.

இந்த ஒரு காட்சி இல்லாததால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் பார்த்த சான்று பிரித்தானியத் தபால் துறையின் ஹொரைசன் கணினி. 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் கிளை ஒன்றை நடத்திய பெண் 8,000 பவுணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்ற முயன்றார். திரை நகரவில்லை, மறுபடி அழுத்தினார். அதே தொகை நான்கு முறை பதிவாகி, கையில் 24,000 பவுண் குறைவதாகக் கணினி காட்டியது. அவர் விடயத்தில் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் 1999 முதல் 2015 வரை அந்தக் கணினியின் எண்ணை நம்பி 900க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்களைக் களவு, பொய்க்கணக்கு என்று தண்டித்தார்கள். வீடு இழந்தார்கள், சிறை போனார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணினி நம்பத்தக்கதாக இருக்கவில்லை என்றது, 2024இல் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கினார்கள். அவர்கள் படித்தவர்கள், கடை நடத்தியவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். அவர்களாலேயே கணினியை எதிர்த்து நிற்க இருபது ஆண்டு பிடித்தது. லயத்தில் இருப்பவள் யாரிடம் போவாள்? இரட்டித்த நிறை அவளுக்கு லாபம்தானே என்று நினைக்கலாம். மாதக் கடைசியில் தொழிற்சாலைக்கு வந்த கொழுந்தும் செக்ரோல் கொழுந்தும் ஒத்துப்போகாதபோது முதலில் சந்தேகப்படுவது அவளையும் கங்காணியையும்தான்.

மூலம்:

காட்சி: விடியற்காலைப் பால்வெட்டு
* 2025-04-01 காலை 5.10 மணிக்கு "0472" இறப்பர் மலைக்குப் பெரட்டில் நிற்கிறார்
* கணக்கில் திகதி "2025-04-01"
* 2025-03-31க்குக் கூடுதல் பேர் விழவில்லை

“பெரட்டு” என்றது, வேலைக்கு முன் ஆட்கள் கூடி நின்று பேர் கொடுக்கும் இடத்தை. சப்ரகமுவ மாகாணத்துக்குப் பொருந்தும் காட்சி இது. நுவரெலியா உயரத்தில் இறப்பர் கிடையாது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் பலவற்றில் தேயிலை மலையும் இறப்பர் மலையும் அடுத்தடுத்து இருக்கும். பால் நன்றாக வடிய வேண்டுமானால் வெயில் ஏறுமுன் பட்டை வெட்ட வேண்டும், எனவே நாள் இருட்டோடு தொடங்கும். சேர்வர்களோ நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதிவைக்கும். இலங்கை அதற்கு ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 காலை 5.10 சேர்வரின் ஏட்டில் மார்ச் 31 இரவு 11.40. திகதியை அந்த ஏட்டிலிருந்து நேரே வெட்டி எடுத்தால் பால் வெட்டியவரின் நாள் போன நாளோடு சேரும். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருப்பதால் இதை இரட்டைப் பதிவென்று தள்ளிவிடவும் கூடும். இங்கே நாளோடு மாதமும் தவறுகிறது. கொழுந்து எடுப்பவர்களின் நிறை பகலில் விழுவதால் இந்தப் பிழை தேயிலைத் தோட்டத்தில் சோதித்தால் தெரியவே தெரியாது.

தீர்வு, நேரத்தை அனுப்பும்போதே அதனுடன் ஐந்தரை மணி வித்தியாசத்தையும் எழுதி அனுப்புவது, நாளை இலங்கை நேரத்தில் கணிப்பது. ஐந்தரையை நிரலில் நிரந்தரமாக எழுதுவதும் சரியில்லை. 1996இல் இந்த நாடு நேரத்தை இருமுறை மாற்றியது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது.

மூலம்:

காட்சி: ஆள் யார் என்பது
* பெயர் "கோமதி", தந்தை பெயர் எழுத்து இல்லை, குடும்பப் பெயர் இல்லை: நிலை 201
* "கோ" இருவகையாக எழுதப்பட்டாலும் தேடினால் ஒரே ஆள்
* அடையாள அட்டையில் பிறந்த நாள் எண் 500க்கு மேல்: ஏற்க வேண்டும்
* அடையாள அட்டை இலக்கம் இல்லை: நிலை 201, நிறை எழுதப்படும்

முதல் வரி, குடும்பப் பெயர் கட்டாயம் என்று வெளிநாட்டு வழக்கில் செய்த படிவங்களுக்கு எதிரானது. இல்லாததைக் கேட்டால் எழுதுபவர் எதையாவது போடுவார், சேமலாப நிதி எடுக்கப் போகும் நாளில் அந்த “எதையாவது” பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாது.

இரண்டாம் வரி யூனிகோடைப் பற்றியது. “கோ” என்பதில் ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. கோமதி முதல் வகையில் 15 பைட்டு, இரண்டாம் வகையில் 18. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். நீளத்தைப் பைட்டில் அளந்து பெயரை வெட்டும் தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர் மூன்று மடங்கு சீக்கிரம் வெட்டுப்படும் என்பதையும் இங்கேயே சோதித்துவிடலாம்.

மூன்றாம் வரிக்கு வருவோம். தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு அடுத்து, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கம் வரும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். சனவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணுக்கு 501. எல்லா ஆண்டும் 366 நாளாகவே எண்ணப்படுவதால் மார்ச் 1 எப்போதும் 61. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016க்குப் பிந்தியதில் பன்னிரண்டு இலக்கம். 366க்கு மேல் வந்தால் பிழை என்று எழுதிய நிரல், கொழுந்து எடுப்போரில் பெரும்பான்மையான பெண்களை வாசலிலேயே நிறுத்திவிடும். மாதிரித் தரவில் ஆண்களை மட்டும் வைத்துச் சோதிக்கும்போது இது நடக்கிறது.

நான்காம் வரியை நான் மிக வற்புறுத்துவேன். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கை, இந்தியா என்ற இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. கடைசிவரை எஞ்சியவர்களுக்கு 2003இன் சட்டம்தான் குடியுரிமை கொடுத்தது. ஆவணம் இல்லாமல் உழைத்த தலைமுறைகளின் வரலாறு இது. அடையாள அட்டை இல்லையென்றால் நிறையையே ஏற்காத ஸ்கீமா, எழுதியவருக்குத் தெரியாமலே அந்த வரலாற்றை மறுபடி நடத்துகிறது. நிறை எழுதப்பட வேண்டும், ஆவணம் பிறகு வரட்டும்.

மூலம்:

காட்சி: அடுத்த பிரிவின் கணக்கு
* மேற்பிரிவுக் கணக்கப்பிள்ளையின் அனுமதியோடு கீழ்ப்பிரிவு "0519" இன் சம்பளத்தைக் கேட்டால் நிலை 403
* பதிலில் பெயரோ தொகையோ இல்லை

முகவரியில் இலக்கத்தை மாற்றி எழுதினால் அடுத்தவர் கணக்கு திறந்துகொள்வது, ஓவாஸ்ப் அமைப்பு 2019இலும் 2023இலும் வெளியிட்ட ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் முதலாவது. யார் எவ்வளவு சம்பளம் வாங்கினார், யாருக்கு எவ்வளவு கடன் பிடிபட்டது என்பது லயத்தில் பரவினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைக் கேட்கிறது. இரண்டாம் வரி ஏனெனில், 403 என்று சொல்லிக்கொண்டே உள்ளே பெயரை அனுப்பிவிடும் சேர்வர்கள் உண்டு.

மூலம்:

@சம்பளத்துக்கு_முன்
காட்சி: மாதக் கணக்கு
* மார்ச் மாதத்து நாட்கணக்குகளின் கூட்டுத்தொகை மாதக் கணக்கோடு சமம்
* வித்தியாசம் ஒரு சதமானாலும் சம்பளப் பட்டியல் வெளியாகாது

சுழிக்குறியோடு தொடங்குவது சோதனைக்கு இடும் அடையாளம். அந்த அடையாளம் உள்ளவற்றை மட்டும் தனியே ஓட்டலாம். மற்றச் சோதனைகள் நிரல் மாறும் ஒவ்வொரு முறையும் ஓட, இது சம்பளம் போடும் 10ஆம் திகதிக்கு முன்னால் உண்மைத் தரவின் பிரதியின்மேல் ஓட வேண்டும். இரண்டாம் வரி கடுமையாகத் தோன்றலாம். ஒரு சதத்துக்காக ஒரு தோட்டத்தின் சம்பளத்தை நிறுத்துவதா? சம்பளத்தைத் தாமதிக்கச் சொல்லவில்லை. அதனால்தான் சில நாள் முன்னதாகவே ஓட்டச் சொல்கிறது. ஒரு சதம் வித்தியாசம் வருகிறதென்றால் எங்கோ ஒரு கூட்டல் இரண்டு விதமாக நடக்கிறது என்று பொருள். அடுத்த மாதம் அது ஒரு சதமாகவே இருக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது.

மூலம் இங்கே முடிகிறது. அதில் இல்லாத ஒன்றை உரையில் சேர்க்கிறேன். இந்தக் காட்சிகள் எல்லாம் எண் தராசை விட்டுப் புறப்பட்ட பிறகு நடப்பவை. தராசே குறைத்துக் காட்டினால் ஜேசனில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடும் பொறுப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துடையது. அதற்கு மேல், மாதம் ஒருமுறையாவது கொழுந்து எடுப்போர் பார்த்து நிற்க, 10 கிலோ படிக்கல்லை மடுவத்துத் தராசில் சோதனைப் பதிவெண் ஒன்றின் பேரில் வைத்து, சேர்வரின் பதிலில் 10000 என்று வருகிறதா என்று அங்கேயே கைப்பேசியில் வாசித்துக் காட்ட வேண்டும்.